அல்ஜீப்ரா: எலும்பு கட்டுவதில் இருந்து வந்த சொல்

"அந்தப் பக்கம் கொண்டுபோனால் மைனஸ் ப்ளஸ் ஆகிவிடும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான் அல்ஜீப்ரா என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருள்.

அரபியில் அல்-ஜப்ர் என்றால் குறைந்ததை நிரப்பிச் சரிசெய்வது. ஒடிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கும் இதே சொல்தான். பாக்தாதில் கலீபா அல்-மாமூன் காலத்தில், 820 வாக்கில், அல்-குவாரிஸ்மி எழுதிய கணக்குப் புத்தகத்தின் தலைப்பில் இது அல்-முகாபலா என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது. பத்திலிருந்து ஒரு 'பொருளை', அதாவது தெரியாத ஒரு எண்ணைக் கழித்தால் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்ததால் முடமான அந்தப் பத்தை முழுசாக்கி, மறுபக்கம் ஆறோடு அந்தப் பொருளைக் கூட்டினால் அது ஜப்ர். இரண்டு பக்கமும் இருக்கிற ஒரே வகையை நேருக்கு நேர் கழித்து நீக்கிவிடுவது முகாபலா. ஸ்பெயினில் எலும்பு கட்டுபவருக்கே அல்ஜெப்ரிஸ்டா என்று பெயர் இருந்தது, அதாவது அங்கே புத்தூர் கட்டு போடுகிறவரும் ஒரு அல்ஜீப்ராக்காரர்தான்!

1145இல் இங்கிலாந்துக்காரரான செஸ்டர் ராபர்ட் அல்-குவாரிஸ்மியின் புத்தகத்தை லத்தீனில் பெயர்த்தார், அப்புறம் ஐரோப்பாவில் தலைப்பின் ஒரு துண்டு ஒரு துறைக்கே பெயராக நின்றுவிட்டது, பாவம் முகாபலாவை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. அல்காரிதம் என்ற சொல்லும் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

சரி, தமிழில்? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயற்கணிதம் (இயல் + கணிதம்), இலங்கையில் அட்சரகணிதம். அட்சரம் என்றால் எழுத்து, ஆனால் வேடிக்கை என்னவென்றால் துறைக்குப் பெயர் தந்த அந்தப் புத்தகத்தில் எழுத்துக் குறியீடே கிடையாது, எல்லாம் வாக்கியம்தான், தெரியாத எண்ணைக்கூட 'பொருள்' என்றுதான் சொல்கிறார். வடமொழியில் பீஜகணிதம், விதைக்கணக்கு. இரண்டாம் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பெயரே அதுதான்.

நான் எழுதுவது இயற்கணிதம் என்றுதான். இயல் என்பதைத் தன்மை என்று எடுத்துக்கொண்டால், ஏழா எட்டா என்று பார்க்காமல் எண்களின் பொதுத்தன்மையைப் பேசுகிற கணக்கு என்று அழகாகப் பொருந்துகிறது, எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். எலும்பு கட்டுகிற அந்தப் பழைய வாசனை மட்டும் இதில் இல்லை.