தனிமைப் பசிக்குப் புத்தகம் என்ன செய்கிறது?

வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனியாகிவிட்டதாக உணர்கிறவர்கள் உண்டு. ஆளே இல்லாத வீட்டில் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் தனித்திருப்பதையும் தனிமையுணர்வையும் பிரித்தே பேசுகிறார்கள். வாரத்தில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை முறை போனில் பேசினீர்கள் என்பதை வெளியே இருந்தே எண்ணிவிடலாம். தனிமையுணர்வு எவ்வளவு என்பது அந்த ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கசியோப்போ இந்த உணர்வைப் பசியோடு ஒப்பிட்டார். ‘போய்ச் சாப்பிடு’ என்று பசி சொல்வதுபோல, ‘போய் நாலு பேரோடு சேர்’ என்று உடம்பு அனுப்பும் செய்திதான் இது என்றார். வெறும் உவமைதானே என்று விட்டுவிட முடியாது. 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 40 பேரை ஒரு நாள் 10 மணி நேரம் யாரையும் பார்க்கவோ பேசவோ விடாமல் வைத்தார்கள். இன்னொரு நாள் அதே 10 மணி நேரம் பட்டினி. பட்டினிக்குப் பிறகு உணவுப் படங்களையும், தனிமைக்குப் பிறகு மனிதர்கள் கூடிக் களிக்கும் படங்களையும் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். நடுமூளையில், ஆசையைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைனைச் சுரக்கும் செல்கள் நிறைந்த ஒரே பகுதி இரண்டுக்கும் ஒரே மாதிரி கிளர்ந்தது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பசித்தவர் கிடைத்ததைச் சாப்பிடுவார். நாள்பட்ட தனிமையில் இருப்பவரோ தட்டையே சந்தேகமாகப் பார்ப்பார். தனிமை நீண்டால் மூளை தற்காப்பு நிலைக்குப் போய்விடுகிறது என்பது கசியோப்போவின் விளக்கம். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காமல் போனால் ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று தோன்றும். வயதானபின் காதும் மந்தமானால் இன்னும் மோசம்: பக்கத்து அறையின் அரைகுறைச் சிரிப்பு தன்னைப் பற்றியதாகவே கேட்கும்.

‘வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள்’ என்ற அறிவுரை பெரிதாகப் பலிக்காததன் காரணம் இங்கேதான் இருக்கிறது. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைப் பற்றிய பல ஆய்வுகளை கசியோப்போவின் குழு 2011-ல் சேர்த்து அலசியது. ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு கொடுத்ததைவிட, மற்றவர்களைப் பற்றிய இந்தத் தப்பான கணிப்புகளைத் திருத்த முயன்றதுதான் கூடுதல் பலன் தந்திருந்தது.

சரி, இதில் புத்தகம் எங்கே வருகிறது?

இரண்டு வாக்கியங்களை வாய்விடாமல் படித்துப் பாருங்கள். ‘அக்கா என்னை வந்து உட்காரச் சொன்னாள்.’ ‘“வாடா, இப்படி உட்காரு” என்றாள் அக்கா.’ இரண்டாவதில் ஒரு குரல் கேட்டதா? நேர்கூற்றை மௌனமாகப் படிக்கும்போது, மனிதக் குரலுக்கென்றே மூளையில் ஒலியைக் கேட்டறியும் பரப்பில் இருக்கும் பகுதிகள் அயற்கூற்றைப் படிக்கும்போதைவிட அதிகமாக இயங்குகின்றன என்று 2011-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். காதுக்குள் ஒரு சத்தமும் நுழையவில்லை. ஆனாலும் மூளைக்கு யாரோ பேசுகிறார்கள். அதுவும் இந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அது நம்மை எடைபோடுவதும் இல்லை. தற்காப்பில் இருக்கும் மனத்துக்கு இதைவிடப் பத்திரமான துணை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் இது நொறுக்குத்தீனிதான். பழைய கடிதத்தை எடுத்துப் படிப்பது, புகைப்படத்தைப் பார்ப்பது போன்ற பழக்கங்களை உளவியலாளர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்: சமூக நொறுக்குத்தீனி. அடுத்த வேளை வரை தாங்கும், சாப்பாடு ஆகிவிடாது. கதைப் புத்தகத்தையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். இலக்கியக் கதையைக் கொஞ்சம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடிவிடும் என்று 2013-ல் பரபரப்பாக ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. வாசிப்பை விரும்புகிறவர்கள் (நானும்தான்) இந்த இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்றால், ஒரே பக்கத்தை இரண்டு பேர் பார்க்கும்போது. இங்கிலாந்தின் லிவர்பூல் பகுதியில் ஜேன் டேவிஸ் தொடங்கிய ‘தி ரீடர்’ அமைப்பின் குழுக்களில் யாரும் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டியதில்லை. அங்கேயே ஒருவர் உரக்கப் படிக்கிறார், நடுநடுவே நிறுத்துகிறார், தோன்றுவதைப் பேசுகிறார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை.

அப்படி ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், தபாலில் போடவில்லை’ என்ற வரியில் வாசிப்பு நிற்கிறது. “கோழை” என்கிறார் ஒருவர். “கோழைத்தனம் இல்லைங்க, போட்டால் அவள் பதில் எழுத வேண்டிவருமே என்ற கரிசனம்” என்கிறார் எதிரில் இருப்பவர். மூன்று வாரமாக வாயே திறக்காத அம்மா மெதுவாகச் சொல்கிறார்: “என் தம்பிக்கு எழுதினது இன்னும் பீரோவில் இருக்கு.”

‘உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று நேராகக் கேட்டிருந்தால் அந்த அம்மா கதவைச் சாத்தியிருப்பார். இங்கே எல்லாருடைய கண்ணும் அந்தக் கடிதக்காரர் மேல் இருக்கிறது, அந்த அம்மா மேல் இல்லை. பேச்சு மூன்றாவது ஒருவரைப் பற்றியது என்பதால் காவலுக்கு நின்ற மூளை சற்று அசந்துவிடுகிறது. கூடவே ஒரே செயலுக்கு இரண்டு காரணங்கள் காதில் விழுகின்றன; சிரிக்காமல் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேறு காரணம் இருந்திருக்கலாமோ என்று யோசிக்க இது நல்ல பயிற்சி. 2011 அலசல் பலனுள்ளதென்று சொன்ன திருத்தம் ஏறத்தாழ இதேதான், சிகிச்சை என்ற பெயர்ப்பலகை இல்லாமல்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ‘எனக்கு இப்போது படிக்கப் பிடிப்பதில்லை’ என்கிற பெரியவர்கள் பலருக்கு உண்மையில் குறைவது வெளிச்சம். கண்மணி சுருங்கி, கண்ணின் வில்லையும் (லென்ஸ்) மஞ்சளிப்பதால், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் கிடைத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழும் ஒரு விளக்கும் பெரிய எழுத்தும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். காது மந்தமானவருக்கு உரக்கப் படிப்பவர் முகம் தெரியும்படி எதிரே உட்கார வேண்டும். கேட்காத மெய்யெழுத்துகளை உதட்டசைவு ஈடுகட்டும்.

வெளியே போக முடியாதவர்களுக்குக் குழுகூட வேண்டாம். ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதி, ஒரு போன், இரவு பத்துப் பக்கம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, நன்றாக இருக்கிறேன் என்று பதில் வாங்கி வைத்துவிடும் அழைப்பு அப்புறம் இப்படித் தொடங்கும்: “எந்தப் பக்கத்தில் இருக்கே? அந்தக் கடிதத்தைப் போட்டாரா இல்லையா, சொல்லிடாதே!”