சத்தம் குறையும்போது கை எங்கே போகிறது?

தண்டையார்பேட்டையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் வேலை. காசிமேட்டில் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றவர்கள், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இவர்கள்தான் அதிகம் வருவார்கள். அப்படி வந்த ஒரு பெரியவர், "சிம்பனி கேட்டதுல இருந்து காதுல குய்யின்னு ஒரு சத்தம்மா" என்றார்.

அவர் கேட்டது இத்தாலிய இசை நடத்துநர் கிளாடியோ அபாடோ 2010-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் ரசிகர்கள் முன்னால் நடத்திய, இசையமைப்பாளர் மாலரின் 9-ஆம் சிம்பனி. எனக்கும் அது உயிர். கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் மட்டும் மிஞ்சி, ஒவ்வொரு ஸ்வரமாக அணைந்து, எந்த இடத்தில் நின்றது என்றே தெரியாமல் நிற்கும், அப்புறமும் ஏறக்குறைய 2 நிமிடம் அரங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. வயிற்றுப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த மனிதர் கையை இறக்காமல் நிற்கிறார், அத்தனை பேரும் அவரோடு காத்திருக்கிறார்கள். ஸ்டுடியோவில் இது கிடைக்காது.

பெரியவர் வீட்டில் மேலே ஃபேன், வெளியே கன்டெய்னர் லாரி. கடைசிப் பக்கம் காதில் விழவில்லை என்று ஹெட்போனில் வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டார். அது முடிந்ததும் தானாகவே ஓடியது அபாடோவின் 2003 பதிவு, மாலரின் 2-ஆம் சிம்பனி. அது முதல் நொடியிலேயே வயலின்கள் பலத்த சத்தத்தில் அதிர்ந்துதான் தொடங்கும்.

சினிமாப் பாட்டில் மெல்லிய இடத்தையும் பலத்த இடத்தையும் பெரும்பாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். லைவ் சிம்பனியில் அப்படி இல்லை. சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல்; 3 டெசிபல் ஏறினால் காதுக்குப் போகும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல் செத்தால் திரும்ப முளைக்காது.

அதனால் பலத்த இடத்தை முதலில் போட்டுப் பார்த்து வால்யூமை வையுங்கள், பிறகு தொடாதீர்கள். மெல்லிய இடம் கேட்கவில்லையா, ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், விடியற்காலையில் கேளுங்கள். அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். காதில் இரைச்சல் ஒரு நாளைத் தாண்டினால் பரிசோதனை செய்யுங்கள், ஒரு காது திடீரென்று மந்தமானால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடவே கூடாது.

பெரியவரின் கேட்கும் திறன் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில், பெரிய பள்ளம். இரண்டு காதிலும் ஒரே மாதிரி. ஒரு ராத்திரியில் வந்ததல்ல அது, பட்டறைச் சத்தம் பல வருஷமாகத் தோண்டியது. மெல்லிய இடம் காதுக்கு எட்டாமல் அவர் கை வால்யூமுக்குப் போனதில் அதற்கும் பங்கு உண்டு. 3 வாரம் கழித்து மறுபடி வந்தார். இரைச்சல் நின்றிருந்தது. பள்ளம் அப்படியேதான் இருக்கிறது.