பெற்றோர் கட்டுப்பாடு: யார் யாரைக் கட்டுப்படுத்துவது?

பள்ளிச் சுற்றறிக்கை, நாளிதழின் தொழில்நுட்பப் பக்கம், செல்பேசியின் தமிழ் அமைப்புகள் என எங்கே திரும்பினாலும், பிள்ளைகளின் செல்பேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் மேற்பார்க்க உதவும் செயலியைப் 'பெற்றோர் கட்டுப்பாடு செயலி' என்றே எழுதுகிறார்கள். 'கட்டுப்பாட்டுச் செயலி' என்று எழுதாததையாவது அவசரம் என்று மன்னிக்கலாம். சொல்லின் பொருளே தலைகீழாக நிற்பதை என்ன செய்வது?

ஆங்கிலத்தில் இது 'பேரண்டல் கண்ட்ரோல்'. 'கண்ட்ரோல்' பிறந்த இடம் கணக்கு அலுவலகம். இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலஸ்' என்றால் கணக்கைச் சரிபார்ப்பதற்காக வைத்திருந்த எதிர்ப்படிச் சுருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த பிறகு, சரிபார்த்தல் மெல்ல அடக்கியாளுதல் ஆயிற்று. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் 'மானிட்டர்' என்பதற்கு மூலம், எச்சரித்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. வரலாறு இவ்வளவு போதும். கோளாறு லத்தீனில் இல்லை.

தமிழில் 'கட்டுப்பாடு' என்பதற்கு முன்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால், பெரும்பாலும் அதுதான் கட்டுப்படுத்தப்படும் பொருள். விலைக் கட்டுப்பாடு என்றால் விலையைக் கட்டுப்படுத்துவது. குடும்பக் கட்டுப்பாடும் அப்படியே. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாசைக் கட்டுப்படுத்த ஏற்பட்டது. செய்கிறதா என்பது வேறு கதை. இதே வாய்பாட்டில் பெற்றோர் கட்டுப்பாடு என்றால் அப்பா அம்மாவை அடக்கிவைக்கும் ஏற்பாடு. அப்படி ஒரு செயலி உண்டென்றால் பதினான்கு வயதுப் பிள்ளைகள்தான் முதலில் நிறுவுவார்கள்.

'ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறதே, ஊர்தானே அங்கே கட்டுப்படுத்துகிறது?' என்று மடக்குபவர்கள் உண்டு. உண்மைதான், 'ஊரின் கட்டுப்பாடு' என்று ஆறாம் வேற்றுமையாக விரித்தால் இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் ஊர்க் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு நம் காதில் என்ன ஒலிக்கிறது? கடையில் பொருள் தராதே, நல்லது கெட்டதுக்குப் போகாதே, முகம் கொடுத்துப் பேசாதே என்று ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைப்பது. சாதிக் கட்டுப்பாடும் அந்த வகைதான். இரவு பத்து மணிக்கு மேல் விளையாட்டுச் செயலி திறக்காமல் பார்த்துக்கொள்வதற்கு இந்த வாடை எதற்கு? முதல் விளக்கத்தில் சொல் தவறு, இரண்டாவதில் கொடுமை.

அடிப்படையான பிழை வேறொன்று. ஆங்கிலம் இந்த வேலைகளைச் செய்பவரை வைத்துப் பெயரிடுகிறது. தமிழ் செய்யப்படுபவரை வைத்துப் பெயரிடுகிறது. அவர்களுக்கு 'பேரண்டிங்', நமக்குப் பிள்ளை வளர்ப்பு. யாராவது 'பெற்றோர் வளர்ப்பு' என்பார்களா? ஆகவே 'பிள்ளை மேற்பார்வை' என்பதே நம் வழக்கோடு ஒட்டிவருகிறது. பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அது பொருந்தும்.

'கண்காணிப்பு' கூடாதா என்றால், கூடும். ஆனால் அளந்து பயன்படுத்த வேண்டும். அது பழைய சொல். 'கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்' என்று திருமந்திரம் இறைவனையே கண்காணி ஆக்குகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலும் கங்காணி என்றால் ஆள் சேர்த்துக் கொண்டுபோய் வேலை வாங்கியவர். பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளர் கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பார். தோட்டத்திலும் தேர்வறையிலும், தன்மேல் ஒரு கண் இருப்பது பார்க்கப்படுபவருக்குத் தெரியும். தெரியாமல் பார்ப்பதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: உளவு.

செயலி தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. 2017இல் வந்த கூகுள் ஃபேமிலி லிங்க் எந்தச் செயலியை நிறுவலாம் என்று ஒப்புதல் கேட்கும், தினசரி நேர வரம்பு வைக்கும், உறங்கும் நேரத்தில் பூட்டும், இருப்பிடம் காட்டும். மகளுக்கு வந்த செய்திகளைப் படித்துக் காட்டாது. அது மேற்பார்வை. இன்னொரு வகை, தன் சின்னத்தை மறைத்துக்கொண்டு உரையாடல்களை அள்ளி அனுப்பும். கூகுளின் பிளே ஸ்டோர் விதிப்படி கண்காணிப்புச் செயலி தன்னை ஒளித்துக்கொள்ளக் கூடாது, தான் இயங்குவதை அறிவிப்பாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் ஒளியும் சரக்கு வேறு தளங்களிலிருந்து வருகிறது. தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் 'பிளே புரொடெக்ட்' பாதுகாப்பை நிறுவும்போதே அணைக்கச் சொல்கிறது. அப்படிக் கேட்கும் செயலி, பிள்ளையின் தகவலை யாருடைய சர்வரில் கொண்டுபோய் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவை இரண்டையும் ஒரே 'பெற்றோர் கட்டுப்பாடு' என்னும் சாக்கில் கட்டி விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. திரையைக் காட்டாமல் துண்டுச் சொற்களை அட்டவணையில் அனுப்பி, சொல்லுக்கு இத்தனை காசு என்று கொடுத்தால் அகராதியின் முதல் பொருள்தான் வரும். வந்ததை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்க நிறுவனத்தில் ஒரு தமிழர் கூடவா இல்லை என்பதுதான் என் ஆற்றாமை. இதழ்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

'பெற்றோர் ஒப்புதல்' நன்றாகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புக்கொள்வது யார் என்பதில் அங்கே யாருக்கும் ஐயம் வராது.