சைட், ஆப்டிக், பேக்கப் சைட்: தமிழில் என்ன சொல்லலாம்?

கோலாலம்பூரில் 'சைட்' என்றதும் பலருக்குக் கட்டட வேலை நடக்கும் இடம்தான் ஞாபகத்துக்கு வரும். "அண்ணன் சைட்டுக்குப் போயிருக்காரு" என்றால் சிமெண்டும் கிரேனும் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். இன்னொரு சைட், பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் இளவட்டங்கள் 'அடிப்பது'. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மூன்றாவது, துப்பாக்கியின் மேல் குறி பார்ப்பதற்காகப் பொருத்தியிருக்கும் உறுப்பு. கட்டட சைட் வேறு ஆங்கிலச் சொல். மற்ற இரண்டும் ஒரே சொல்தான், 'பார்வை' என்று பொருள்.

இந்த மூன்றாவது சைட்டைச் சாதாரண மலேசியர் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள வழியில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1971இல் வந்த இன்னொரு சட்டம் தண்டனையை மேலும் கடுமையாக்கியது. ஆனாலும் சொல் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ராணுவத்திலும் போலீசிலும் வேலை செய்தவர்கள், பகுதிநேரத் தொண்டர் படையான அஸ்கார் வத்தானியாவில் சேர்ந்தவர்கள், தேசிய சேவை முகாமில் எம்16 துப்பாக்கி சுட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் கொண்டு வந்தார்கள். அப்புறம் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. 'ரெட் டாட்', 'ஃபோர் எக்ஸ்', 'கேண்டட் சைட்' எல்லாம் கைப்பேசி வழியாகப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தமிழில் எழுதச் சொன்னால்தான் பெரியவர்களும் விழிக்கிறோம்.

எம்16, எம்4 வகைத் துப்பாக்கியில் குறி பார்ப்பது இப்படி: கண்ணுக்குப் பக்கத்தில், பின்பக்கம், ஒரு சிறு வளையம், நடுவில் துளை. குழல் முனைக்கு அருகே நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பி. துளையின் நடுவில் கம்பியின் நுனியை நிறுத்தி, அந்த நுனியில் இலக்கை வைக்க வேண்டும். கண் ஒரே நேரத்தில் மூன்று தூரத்தையும் தெளிவாகப் பார்க்காது. ஆகவே நுனியைத் தெளிவாக வைத்துக்கொண்டு, துளையையும் இலக்கையும் மங்க விடச் சொல்லித்தான் பயிற்சி தருவார்கள். ஆங்கிலத்தில் இது 'அயர்ன் சைட்', இரும்புச் சைட். இப்போது அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும்கூட வருகிறது, பெயர் மட்டும் இரும்பாகவே நிற்கிறது. அதனால் 'இரும்புக் குறி' என்று அப்படியே பெயர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மலாய்க்காரர்களுக்கு இதில் சிக்கல் கிடையாது. குறி பார்ப்பது 'பிடிக்', குறி பார்க்கும் கருவி 'பெம்பிடிக்'. நமக்கும் அதே மாதிரி ஒரு வேர் கையில் இருக்கிறது: குறி. குறி வைத்தான், குறி பார்த்தான், குறி தப்பியது என்று தினமும் பேசுகிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'குரி' என்றால் இலக்குதான், ஆக இது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து. 'இலக்கு' வடமொழி 'லக்ஷ்ய'த்திலிருந்து வந்தது. துப்பாக்கியோ துருக்கியரின் 'துஃபெக்' பல கை மாறி வந்தது. மலாய் 'செனாப்பாங்' டச்சுக்காரர்கள் விட்டுப் போனது. இத்தனை வெளியூர்ச் சரக்குக்கு நடுவில் குறி மட்டும் உள்ளூர்.

ஆனால் 'குறி' என்று தனியாக விட்டால் சிரிப்பவர்கள் உண்டு, சோசியம் கேட்க வருபவர்களும் உண்டு. இன்னொரு சொல்லோடு சேர்த்தே ஆக வேண்டும். சில அகராதி நடைக்காரர்கள் 'குறிகாட்டி' என்கிறார்கள். அதைப் பொருளாதாரப் பக்கங்களில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முன்னால் நிற்கும் கம்பிக்கு நான் சொல்வது 'குறிமுள்'. தராசு முள், கடிகார முள் என்று நுனியைப் பார்த்து அளவு அறியும் எதையும் முள் என்பதுதான் தமிழ் வழக்கம். பின்னால் இருப்பது 'குறித்துளை'. இரண்டும் சேர்ந்த அமைப்பையும் குறிமுள் என்றே சொல்லலாம், கண்ணாடி இல்லை என்பது அதிலேயே விளங்கிவிடும்.

கண்ணாடி இருந்தால் அது 'ஆப்டிக்'. பார்வை சார்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல். தமிழில் கண்ணாடிவில்லை வைத்துப் பார்க்கும் கருவிக்கு 'நோக்கி' என்ற பின்னொட்டு நன்றாக நிலைத்துவிட்டது: தொலைநோக்கி, நுண்ணோக்கி. அந்த வரிசையில் 'குறிநோக்கி' இயல்பாக உட்காருகிறது.

இங்கேதான் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. துப்பாக்கிமேல் கண்ணாடியோடு எதைப் பார்த்தாலும் 'தொலைநோக்கி' என்று எழுதிவிடுகிறார்கள். ரெட் டாட் எதையும் பெரிதாக்கிக் காட்டாது. உள்ளே ஒரு சிறு விளக்கு, அதன் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பும் பூச்சுள்ள கண்ணாடி, அதில் தெரியும் சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். இந்த யோசனைக்கு 1900இலேயே டப்ளினில் ஹோவர்ட் கிரப் காப்புரிமை பெற்றார். மின்விளக்கோடு இன்றைய வடிவில் 1975இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம். இதற்குச் 'செம்புள்ளி நோக்கி' போதும். நான்கு மடங்கு, ஆறு மடங்கு பெரிதாக்கும் 'ஸ்கோப்'பை மட்டும் தொலைநோக்கி என்போம்.

ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகளுக்கு 'ரெட்டிக்கிள்', லத்தீனில் சின்ன வலை. ஒரு காலத்தில் உண்மையாகவே சிலந்தி இழையைக் குறுக்கே கட்டினார்கள். தமிழ் வழிப் பள்ளி ஆய்வுக்கூடங்களில் இதற்குக் 'குறுக்குக் கம்பி' என்ற பெயர் பழக்கத்தில் இருக்கிறது, புதிதாக ஒன்று தேட வேண்டாம். செம்புள்ளியின் பருமனை 'எம்ஓஏ' என்று சொல்வார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த அளவுதான்: பாகை, கலை, விகலை. ஒரு கலை நூறு மீட்டரில் ஏறக்குறைய 2.9 சென்டிமீட்டர். இரண்டு கலைப் புள்ளி அந்தத் தூரத்தில் ஆறு சென்டிமீட்டர் அளவை மறைக்கும்.

சரி, பேக்கப் சைட். கண்ணாடி நம் ஊர்க் காற்றுக்கு ஒத்துவராத பொருள். குளிர்சாதன அறையில் வைத்திருந்ததை வெளியே எடுத்தால் மேல் கண்ணாடியில் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியாது. மாலை மழை வந்தால் கண்ணாடியில் துளிகள். சேறு படலாம், கீழே விழுந்து விரிசல் விடலாம், விளக்கின் பேட்டரி தீரலாம். அப்படிப்பட்ட நேரத்துக்காகக் கூடவே பொருத்தி வைக்கும் குறிமுள்தான் பேக்கப் சைட்.

மலேசிய ராணுவத்தினருக்கு இது புதிதல்ல. எம்4க்கு முன்னால் அவர்கள் கையில் இருந்த ஆஸ்திரிய ஸ்டெயர் ஆக் துப்பாக்கியில், மேல் கைப்பிடியே ஒன்றரை மடங்கு குறிநோக்கி. குறுக்குக் கம்பிக்குப் பதில் உள்ளே ஒரு வட்டம். அந்தக் குழாயின் முதுகில் சின்னஞ்சிறு முள்ளும் பள்ளமும் இருக்கும், கண்ணாடி கைவிட்டால் தலையைச் சற்று உயர்த்தி அதன் வழியே பார்க்கலாம். அந்தக் காலத்து வீரர் ஒருவரிடம் பேக்கப் சைட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஸ்பேர் டயர்தான் தம்பி, வேற என்ன" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் சொல் அங்கேதான் கிடைத்தது. புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். உப்பு வணிகர்களின் வண்டி. மாடு இளசு, சுமையோ அதிகம், போகிற வழியில் பள்ளம் வருமா மேடு வருமா யாருக்குத் தெரியும்? அதனால் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் 'சேம அச்சு'. போர்க்களத்தில் மாற்றாக நிறுத்தும் தேருக்கும் 'சேமத்தேர்' என்று பெயர் உண்டு. பேக்கப் என்பதற்கு இவ்வளவு கச்சிதமான தமிழ் இருக்கும்போது 'மாற்று', 'துணை', 'கூடுதல்' என்று ஏன் தடுமாற வேண்டும்? மாற்று என்றால் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போடுவது. துணை என்றால் இரண்டும் சேர்ந்து வேலை செய்வது. பேக்கப் சைட் வண்டியிலேயே கட்டியிருக்கிறது, ஆனால் வேலை செய்யாமல் காத்திருக்கிறது. அது 'சேமக் குறிமுள்'. சேமம் வடமொழி 'க்ஷேம'த்தின் தமிழ் வடிவம் என்று தூயதமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் 'காப்புக் குறிமுள்' என்று எழுதட்டும், எனக்கு ஔவை எழுதியதே போதும்.

சேமக் குறிமுள்ளைத் தேர்ந்தெடுப்பவர்கள் பேசும் மற்ற சொற்களும் இதையொட்டியே வரும். எப்போதும் நிமிர்ந்து நிற்பது 'நிலைமுள்', வேண்டும்போது நிமிர்த்துவது 'மடக்குமுள்'. செம்புள்ளி நோக்கி என்றால் நிலைமுள் இருந்தாலும் பாதகமில்லை, அதன் சன்னல் வழியே முள்ளும் தெரியும். இதை ஆங்கிலத்தில் 'கோ-விட்னஸ்' என்கிறார்கள். 'உடன்சாட்சி' என்று பெயர்த்தால் ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுதான். 'ஒருங்கு தெரிதல்' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் புள்ளி முள்ளின் நுனியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். நோக்கியைச் சற்று உயர்த்தி வைத்தால் முள் சன்னலின் கீழ்ப் பகுதியில் ஒதுங்கிவிடும், பார்வை நெரிசல் குறையும். எனக்குக் கேட்டால் இரண்டாவதே மேல்.

பெரிதாக்கும் தொலைநோக்கி என்றால் ஒருங்கு தெரிதல் நடக்காது, அதன் குழாயே மறைத்துவிடும். ஒன்று, தொலைநோக்கியைச் சட்டென்று கழற்றும் பிடியில் வைக்க வேண்டும். இல்லையென்றால் முள்ளை 45 பாகை சாய்த்துப் பக்கவாட்டில் பொருத்தி, துப்பாக்கியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுதான் 'சாய்முள்'. பப்ஜி பிள்ளைகளின் 'கேண்டட் சைட்'டும் இப்படிச் சாய்த்து வைப்பதே.

சேமக் குறிமுள்ளுக்கு இன்னொரு பயனும் உண்டு. செம்புள்ளி சிலருக்குப் புள்ளியாகத் தெரியாமல் வால் நீண்டு, நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும். நோக்கி பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்குமுன், குறித்துளை வழியே அதே புள்ளியைப் பார்க்க வேண்டும். சிதறல் அடங்கினால் கோளாறு கண்ணில் இருக்கிறது.

கடைசியாக 'சீரோ'. பொருத்தியதும் எதுவும் நேராகச் சுடாது. குறிப்பிட்ட தூரத்தில் சுட்டுப் பார்த்து, குண்டு படும் இடமும் குறி காட்டும் இடமும் ஒன்றாகும்வரை திருகிச் சரிசெய்ய வேண்டும். 'குறி நேர்செய்தல்' என்றால் எல்லோருக்கும் புரியும். நோக்கிக்கு நேர்செய்தது முள்ளுக்குச் செல்லாது, சேமக் குறிமுள்ளைத் தனியாக நேர்செய்தே ஆக வேண்டும். எம்16இல் இதற்கு முன்முள்ளைத்தான் ஏற்றி இறக்குவார்கள். குண்டு தாழ்வாகப் பட்டால் முள்ளையும் இறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதை ஏற்றிவிட்டு, குண்டு ஏன் இன்னும் கீழே போகிறது என்று துப்பாக்கியைத் திட்டுவார்கள்.