ஐந்து முறையும் ஐந்தே நொடி

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர், தன் மேக்கிலேயே ஓட்டிப் பார்க்கும் தளத்தின் பக்கத்தைப் புதுப்பித்தால் ஏறவே மாட்டேன் என்கிறது என்று வந்து நின்றார். இரண்டு நாள் தரவுத்தள வினவல்களைக் குடைந்திருக்கிறார். தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் இரண்டு சேர்த்தாயிற்று. மேக் பழையது, புதிது வேண்டும் என்று மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதி வைத்திருந்தார்.

"எத்தனை நொடி ஆகிறது?" என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் ஆகிறது அண்ணா."

கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஐந்து முறை புதுப்பிக்கச் சொன்னேன். ஐந்து முறையும் 5 நொடியும் ஒரு சொச்சமும்தான். அந்த இரண்டு இண்டெக்ஸும் வீண் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உண்மையாகவே உழைக்கும் கணினி இவ்வளவு சீராகத் தாமதிக்காது. ஒரு முறை 3.2 நொடி, மறுமுறை 4.7 என்று முன்னே பின்னேதான் வரும். அளந்து வைத்தாற்போல் 1, 5, 30 என்று வந்தால், ஏதோ ஒரு நிரல் வராத பதிலுக்குக் காத்திருந்து, கெடு முடிந்ததும் அடுத்த வேலைக்கு நகர்கிறது என்று பொருள். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கண்டுபிடித்தால் போதும்.

தம்பி தன் தளத்துக்கு '.லோக்கல்' என்று முடியும் பெயர் வைத்து, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் கோப்பில், 'இதே கணினி' என்று பொருள்படும் 127.0.0.1 என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பெயர் முடிவு, பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ்ஸில் ஒரு வகையான மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. 2013இல் வெளியான ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணம் அதைச் சொல்கிறது. தெருமுனையில் நின்று "இந்தப் பெயரில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவுகிற முறை அது. பிரிண்டரைக் கண்டுபிடிக்க நல்ல ஏற்பாடு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வகையான ஐபிவி4 முகவரி கிடைத்தது, புதிய வகையான ஐபிவி6 முகவரி கிடைக்கவில்லை. அதற்காக மேக் கூவிவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் 5 நொடி நின்றது. அதே பெயருக்கு, 127.0.0.1இன் ஐபிவி6 வடிவமான ::1 என்று இன்னொரு வரி சேர்த்ததும் தாமதம் மறைந்தது. பிறகு பெயரையே '.டெஸ்ட்' என்று மாற்றிவிட்டோம். அது 1999இலேயே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்டது. '.டெவ்' பக்கம் மட்டும் போகாதீர்கள். அது கூகுளின் கையில் உள்ள, இணையத்தில் புழங்கும் நிஜப் பெயர் முடிவு. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 முதல் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் திறக்காது.

விண்டோஸில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. பிஎச்பி நிரலில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால், முதலில் ::1இன் கதவு தட்டப்படும். தரவுத்தளமோ 127.0.0.1இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். "இங்கே யாருமில்லை" என்று பதில் வந்த பின்னும் விண்டோஸ் விடாமல் மீண்டும் தட்டிப் பார்ப்பதால், ஒவ்வொரு இணைப்புக்கும் ஏறக்குறைய 1 நொடி போய்விடும். முகவரியை 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதினால் தீர்ந்தது.

ஸ்டாப்வாட்சுக்கு அடுத்து நான் திறப்பது, குரோம் உலாவியிலேயே இருக்கும் டெவ்டூல்ஸ் கருவியில் நெட்வொர்க் பகுதி. பட்டியலின் முதல் கோரிக்கையைச் சொடுக்கி டைமிங் தாவலைப் பாருங்கள். டிஎன்எஸ் பட்டை நீண்டிருந்தால் பெயரில் கோளாறு. இணைப்புப் பட்டை நீண்டிருந்தால் முகவரியில். சேவையகத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் பட்டை நீண்டிருந்தால்தான் வினவல்களைத் தொட வேண்டும். 'ஸ்டால்டு' நீண்டிருந்தால், கோரிக்கை இன்னும் உலாவியை விட்டே கிளம்பவில்லை.

இந்தக் கடைசி வகையில் நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். எச்டிடிபி 1.1 என்ற பழைய பரிமாற்ற முறையில் ஒரே முகவரிக்கு குரோம் ஒரு நேரத்தில் 6 இணைப்புகளைத்தான் திறக்கும். நாங்கள் பயன்படுத்திய வெப்பேக் ஹாட் மிடில்வேர் என்ற கருவி, நிரல் மாறியதைத் தெரிவிக்க ஈவென்ட்சோர்ஸ் வழியாகத் தாவலுக்கு ஓர் இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு தாவல்களைத் திறந்து போட்டுவிட்டு, ஏழாவது ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சேவையகப் பதிவுகளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். பதிவில் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. கோரிக்கைதான் அங்கே போய்ச் சேரவே இல்லையே! பழைய தாவல் ஒன்றை மூடியதும் பக்கம் பளிச்சென்று வந்தது.

சீரற்ற தாமதம் என்றால் அங்கே நிஜமாகவே வேலை நடக்கிறது. அப்போதும் வினவலுக்கு முன்னால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன். விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் 2இல் லினக்ஸை ஓட்டிக்கொண்டு, நிரலை மட்டும் விண்டோஸின் சி டிரைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். படிக்கும் ஒவ்வொரு கோப்பும் இரு இயங்குதளங்களுக்கு இடையே எல்லை தாண்டி வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளைத் திறக்கும் கட்டமைப்பு என்றால் கேட்கவே வேண்டாம். லினக்ஸ் பக்கத்தின் ஹோம் கோப்புறைக்கு நிரலை நகர்த்துங்கள். மைக்ரோசாஃப்டின் ஆவணமும் அதையேதான் சொல்கிறது.

தம்பியின் மின்னஞ்சல் அதற்குள் போய்விட்டிருந்தது. புது மேக்கும் வந்தது.