உமல் ஏன் சுவரிலேயே தொங்குகிறது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் யாரையாவது நிறுத்தி, பொலித்தீன் நல்லதா என்று கேட்டுப் பாருங்கள். வாய்க்காலை அடைக்கும், மாடு தின்று சாகும், எரித்தால் நச்சுப்புகை என்று வரிசையாகச் சொல்வார். சொன்ன கையோடு, "அண்ணை, ஒரு சொப்பிங் பை தாங்கோ" என்பார். நானும் அந்த ஆள்தான். அம்மம்மாவின் உமல், பனையோலையில் இழைத்த பை, வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

கொள்கை வகுப்பவர்களோ சனத்துக்கு விளங்கவில்லை என்றே நினைக்கிறார்கள். அதனால்தான் இத்தனை பதாகை, கருத்தரங்கு, சித்திரப் போட்டி. விளக்கத்துக்குக் குறைவில்லை, சந்தையில் நாம் யோசித்துப் பை எடுப்பதில்லை, அவ்வளவுதான். காயை நிறுத்ததும் வியாபாரியின் கை பையை உருவுகிறது, நம் கை வாங்குகிறது. அயர்லாந்து 2002இல் ஒரு பைக்கு 15 யூரோ சதம் வரி போட்டதும் பாவனை 90 வீதத்துக்கு மேல் விழுந்தது. அது யாரையும் ஏழையாக்கும் காசல்ல. பை வேண்டுமா என்று ஒரு கணம் யோசிக்க வைத்ததே பெரிய வேலை செய்தது என்பது என் கணிப்பு.

சரி, தண்டிப்பதற்குப் பதில் விலைக்கழிவு கொடுத்தால்? வாஷிங்டன் பகுதிக் கடைகளில் இதை ஆராய்ந்தார்கள். சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சதம் கழிவு என்றபோது பலன் இல்லை என்றே சொல்லலாம். அதே 5 சதத்தைப் பைக்குக் கட்டணமாக்கியதும் பை எடுப்போர் ஏறக்குறையப் பாதியானார்கள். கைக்கு வரும் காசைவிடக் கையை விட்டுப் போகும் காசு கூடுதலாக உறைக்கும். உளவியலாளர்கள் கானமனும் த்வேர்ஸ்கியும் 1979இலேயே இதை விளக்கியிருந்தார்கள்.

இலங்கையிலும் 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. ஆனால் விலை பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரியாகக் கிடந்தால் யார் பார்ப்பது? பையை எடுக்குமுன் வேண்டுமா என்று வியாபாரி வாயால் கேட்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். கலிபோர்னியாவில் பையைத் தடை செய்த ஊர்களில் குப்பைப் பை விற்பனை கூடியது. மிச்சம் பிடித்த பிளாஸ்டிக்கில் கால்வாசிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் மீன் செதில் கட்டி எறிவதும் சொப்பிங் பையில்தான். அம்மம்மா செதிலை வாழையடியில் தாட்டுவிடுவார். இப்போது முற்றம் முழுக்கச் சீமெந்து.