பேட்டரியில் ஓடும் காருக்கும் புகைச் சான்றிதழா?

திருவொற்றியூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) வாங்கி இரண்டு வருடமாகிறது. "இது கரன்ட் வண்டி சார், இதுக்கு எதுக்குப் பொல்யூஷன் சர்டிபிகேட்?" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிச் சான்றிதழைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

குழப்பம் அவருக்கு மட்டுமில்லை. பேட்டரி கார், ஹைபிரிட், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரில் 'எலக்ட்ரிக்' என்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, மின் மோட்டாரால் மட்டுமே ஓடி, அந்த மோட்டாருக்கான மின்சாரமும் வண்டியில் உள்ள பேட்டரியிலிருந்து மட்டுமே வந்தால்தான் அது பேட்டரி வாகனம். இரண்டு முறை வரும் அந்த 'மட்டுமே'யில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட். புகைச் சான்றிதழ் வேண்டாம்.

ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் காரில் சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்தான். ஆனால் சார்ஜ் குறைந்தால் உள்ளே ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் ஓடி மின்சாரம் தயாரிக்கும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்கும் ஜெனரேட்டர் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எரிவது மின்விளக்குதான், வெளியே புகை வருகிறதே! பிஎம்டபிள்யூ ஐ3 காரில் இதற்காக 647 சிசி இன்ஜினும் ஒன்பது லிட்டர் அளவில் ஒரு சின்ன டேங்கும் வைத்திருந்தார்கள். இந்த வகை நம் ஊரில் இன்னும் அரிது. 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட் போன்றவை, நகருக்குள் ஓடும்போது கிட்டத்தட்ட இதே மாதிரி வேலை செய்கின்றன.

சந்தேகமிருந்தால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழ்) எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். 'எலக்ட்ரிக் (பிஓவி)', அதாவது பேட்டரி வாகனம், அல்லது 'ப்யூர் ஈவி' என்றிருந்தால் கவலையில்லை. 'பெட்ரோல்/ஹைபிரிட்', 'ஸ்ட்ராங் ஹைபிரிட்', 'ப்ளக்-இன் ஹைபிரிட்' (வெளியிலிருந்தும் சார்ஜ் போடும் வகை) என்றிருந்தால் சான்றிதழ் வேண்டும். புது வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு வருடம் விலக்கு. அப்புறம் பிஎஸ்-4, பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை அளவு விதிகள்) வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை எடுத்தால் போதும். இல்லாமல் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம் போக வழியுண்டு.

சோதனையின்போதுதான் வேடிக்கை. பங்க் ஓரமாக இருக்கும் சோதனை மையத்தில் சைலன்சருக்குள் குழாயைச் செருகி, இன்ஜின் ஐடிலில் (வண்டி நின்றபடி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிஎஸ்-4 முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு முதலாவது 0.3 சதவீதத்துக்குள்ளும், இரண்டாவது 200 பிபிஎம்முக்குள்ளும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் ஒருமுறை அளப்பார்கள். ஆனால் ஹைபிரிட் கார் நின்றதும் இன்ஜினை அணைத்துவிடும்! எங்கள் தெருக்காரர் போன இடத்தில், "வண்டி ஸ்டார்ட்டே ஆகல சார்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பல ஹைபிரிட் கார்களில் இன்ஜினை அணையவிடாமல் ஓட்டுவதற்கு 'மெயின்டனன்ஸ் மோட்' என்று ஒன்று உண்டு. அதற்குள் எப்படிப் போவது என்று சர்வீஸ் சென்டரில் முன்னமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இன்ஜின் சூடான பிறகு அளப்பதும் முக்கியம். ஆறிய இன்ஜின் நல்ல வண்டியைக்கூடத் தோற்கடித்துவிடும்.

பராமரிப்பிலும் இதே சிக்கல்தான். வழக்கமான காரில் இன்ஜின் ஓடித் தேயும். சார்ஜ் போட்டு ஓட்டும் ப்ளக்-இன் ஹைபிரிட்டிலும் ரேஞ்ச் எக்ஸ்டெண்டரிலும் ஓடாமலே கெடும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் போய்வருகிறவர், வீட்டில் சார்ஜ் போடும் வசதியும் இருந்தால், மாதக்கணக்கில் பெட்ரோலைத் தொடவே மாட்டார். நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலோர வட சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? செவர்லே வோல்ட் காரைச் செய்தவர்கள் இதை யோசித்திருந்தார்கள். இன்ஜின் ஆறு வாரம் போல ஓடாமலிருந்தால் வண்டி தானாகவே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும். பெட்ரோல் ஒரு வருடம் பழசானால் அதை எரித்துத் தீர்க்கும். அந்த மாதிரி ஏற்பாடு இல்லாத வண்டியில், டேங்கை நிரப்பி வைக்காமல் கொஞ்சமாகப் போட்டு, அவ்வப்போது இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுவதுதான் வழி. இன்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவது இங்கே சரிப்படாது, காலக் கணக்கில் மாற்ற வேண்டும்.

பிரேக்கையும் கவனியுங்கள். வேகம் குறைவதில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் டிஸ்க் உரசாமல் கிடக்கும். எண்ணூர், ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் அதில் துரு ஏறிவிடும். மழைக்கு வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறக்கிய வண்டியாக இருந்தால், உயர் மின்னழுத்த இணைப்புகளை (ஆரஞ்சு நிற ஒயர்கள்) அதற்கென்று பயிற்சி எடுத்தவர்தான் தொட வேண்டும். தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. புகைச் சான்றிதழ் இல்லாமல் பாலிசியைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் சான்றிதழ் எடுக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

2021-இலிருந்து நாடு முழுக்க ஒரே மாதிரிச் சான்றிதழ், கியூஆர் கோடுடன். செல்போன் எண் கட்டாயம், விவரம் எஸ்எம்எஸ்ஸில் வரும். டிஜிலாக்கரில் (ஆவணங்களைச் செல்போனில் வைத்துக்கொள்ளும் அரசு ஆப்) காட்டினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சோதனையில் வண்டி தேறாவிட்டால் வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள். காரணத்தோடு ஒரு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்பது விதி. சர்வீஸ் சென்டரில் காட்ட அது உதவும். மெஷின் மேல் சந்தேகமிருந்தால், அதே சீட்டோடு வேறொரு மையத்தில் மறுபடி சோதித்துக்கொள்ளலாம்.